காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் கோட்டை, அரண்மனை, சமணக் குகை: வழிகாட்டியோடு போய்வருவது எப்படி

கல்யாணத்துக்கோ அறுபது, எண்பது வயதுச் சாந்திக்கோ செட்டிநாட்டுப் பக்கம் வந்து, நடுவில் ஒரு நாள் சும்மா கிடைக்கிறவர்களுக்காக இது. காரைக்குடியில் தங்கி, காலையில் கிளம்பி, திருமயம் கோட்டையும் புதுக்கோட்டையும் சித்தன்னவாசலும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பும் திட்டம். தூரம் பெரிதில்லை. ஆனாலும் பாதிப் பேர் பாதியோடு திரும்புகிறார்கள். காரணம் மூன்று: கோயில்கள் நண்பகலில் நடை சாத்தும், பாறை அதே நேரத்தில் கொதிக்கும், அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வரிசை போட்டால் நாள் தானாக அமையும்.

1. எதைப் பார்ப்பது என்பதற்கு முன், எதை விடுவது?

சுற்றுலா ஏஜென்சிகள் தரும் தாளில் எட்டு இடங்கள் இருக்கும்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர். ஒரே நாளில் இவ்வளவையும் காரிலிருந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இறங்கிப் பார்க்க மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு.

கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் இதில் சேர்க்காதீர்கள். வீடுகள் பார்ப்பதற்குத் தனி நாள் வேண்டும். வழியில்தானே இருக்கிறது என்று காலையில் நுழைந்தால் திருமயம் போகும்போது பதினொன்றரை ஆகியிருக்கும். அரண்மனை என்ற பெயரை நம்பி கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இருப்பது ராஜா சர் பட்டம் பெற்ற நகரத்தார் (செட்டியார்) குடும்பத்தின் வீடு. பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்கக் கிடைக்கும். அரசர் கோட்டை, அரசர் அரண்மனை வேண்டுமென்றால் திசை வடக்கு: திருமயம், புதுக்கோட்டை.

சிவகங்கை அரண்மனையும் காளையார்கோயிலும் எதிர்த்திசை. இரண்டு திசையையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்களைக் காரிலேயே உட்கார வைக்கப்போகிறார்.

பௌத்தம் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில தாள்களில் சித்தன்னவாசலைப் புத்தர் குகை என்று போடுகிறார்கள். தவறு. அது முழுக்கச் சமணம். உட்கார்ந்த நிலையில் இருக்கும் சிற்பங்களைப் பார்த்து வரும் குழப்பம் இது. தமிழ்நாட்டுப் பௌத்தத்தைத்தான் பார்க்க வேண்டுமென்றால் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்காக இந்தச் சுற்றில் அலைய வேண்டாம்.

2. கிழமை பார்த்து நாள் வையுங்கள்

செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் விடுமுறை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமை வேறு சிக்கல்: புதுக்கோட்டை மன்னரின் புது அரண்மனைதான் இன்றைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கள்தோறும் அங்கே மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மனுவோடு வரும் கூட்டமும் போலீஸ் சோதனையுமாக இருக்கும் நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே கார் நகராது. காணும் பொங்கலன்று சித்தன்னவாசலில் ஊரே இருக்கும். மார்கழி, தை, மாசி மூன்றும் நடக்க ஏற்ற மாதங்கள். சித்திரை, வைகாசியில் வந்தே ஆகவேண்டும் என்றால் மலையேற்றங்களில் ஒன்றை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும்.

3. வண்டி பேசுவது

காரைக்குடியிலிருந்து திருமயம் 20 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கிருந்து புதுக்கோட்டை இன்னொரு 20. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கி.மீ. அளவில். போக வர ஊருக்குள் சுற்றுவதும் சேர்த்தால் 120-ஐத் தாண்டும். நார்த்தாமலை சேர்ந்தால் 140, கொடும்பாளூரும் சேர்ந்தால் 180-ஐ நெருங்கும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வாடகை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று நாள் வாடகை: பத்து மணி நேரம், 100 கி.மீ. என்று ஒரு தொகை, அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டர் கணக்கு. இன்னொன்று வெளியூர்க் கணக்கு: ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறைந்தது 250 கி.மீ.க்குக் காசு. கிலோமீட்டர் 14 ரூபாய் என்று பேசினீர்கள் என்றால் வெளியூர்க் கணக்கில் 3,500 ரூபாய், மேலே டிரைவர் பேட்டா. நாள் வாடகையில் 140 கி.மீ. ஓடினால் மிகுதி 40 கி.மீ.க்கு 560 ரூபாய் கூடும். அநேகமாக நாள் வாடகைதான் கட்டும். பேசும்போதே நான்கு கேள்வி: பேட்டா சேர்த்தா, டோல் யார் தருவது, பத்து மணி நேரம் எங்கிருந்து தொடங்குகிறது (ஷெட்டிலிருந்தா, உங்கள் வாசலிலிருந்தா), ஏசி போட்டால் வேறு விலையா. திருச்சி–காரைக்குடி நெடுஞ்சாலையில் லெம்பலக்குடியில் சுங்கச்சாவடி உண்டு. போகும்போதும் வரும்போதும் கழியும்.

மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தால், வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

பஸ்ஸில் போக முடியாதா? திருமயம் வரை தாராளமாக முடியும். காரைக்குடி–புதுக்கோட்டை பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. சித்தன்னவாசலுக்குப் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கி நடக்க வேண்டும். இளவட்டங்களுக்குச் சரி. அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஆகாது.

4. வழிகாட்டி: யாரைக் கேட்பது, என்ன கேட்பது

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வழிகாட்டி என்ற பெயரில் உங்களோடு வருபவர் மூன்று வகை. சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ள வழிகாட்டி, தங்கும் விடுதியோ பாரம்பரிய வீடோ ஏற்பாடு செய்யும் உள்ளூர் ஆள், நானே சொல்கிறேன் சார் என்கிற டிரைவர். மூன்றாமவருக்கு வழி தெரியும். சித்தன்னவாசல் ஓவியத்தில் எது எங்கே என்று தெரியாது.

கட்டணம் பெரும்பாலும் குழுவுக்கு ஒரு தொகை, அரை நாள் அல்லது முழு நாள். தலைக்கு இவ்வளவு என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் அல்லாத வேற்று மொழி வேண்டுமென்றால் கூடுதல் உண்டு. வழிகாட்டியின் சாப்பாடும் வண்டியில் அவருக்கு ஒரு இருக்கையும் உங்கள் பொறுப்பு. நான்கு பேர் செடான் பேசிவிட்டு வழிகாட்டியை எங்கே உட்கார வைப்பது என்று காலை ஏழு மணிக்கு முழிக்கிற குடும்பங்கள் நிறைய. ஆட்கள் நான்கு என்றால் ஏழு இருக்கை வண்டிதான்.

சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை உண்டு. போனில் பேசும்போது இதைக் கேளுங்கள்: "ஏழடிப்பட்டத்துக்கு நீங்களும் கூட ஏறுவீங்களா?" கீழேயே நிற்கிறேன், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றால் வேறு ஆள் தேடுங்கள். அடுத்து, கடைகளில் நிறுத்துவதில்லை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். டைல்ஸ் பட்டறை, கண்டாங்கிச் சேலைக் கடை, பழம்பொருள் கடை என்று மூன்று இடம் நிறுத்தினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். கமிஷன் அவருக்கு, நேர நஷ்டம் உங்களுக்கு.

முன்பணம் கேட்டால் கால்வாசி கொடுங்கள். மீதி திரும்பி வந்த பிறகு.

5. கையில் வேண்டிய தாள்களும் காசும்

திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ளவை. டிக்கெட் இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. இணையவழியில் கட்டினால் 20, 250. பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இல்லை. வளர்ந்த பிள்ளையாக இருந்தால் வயதுக்கு ஒரு சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு முக்கியமானது இது: மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும் 300 ரூபாய்க்காரர்தான். இரண்டு பேர் என்றால் ஒரு வாசலுக்கே 600. ஆனால் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணம். அட்டையின் அசலைக் கொண்டுவர வேண்டும், லாக்கரில் இருக்கிறது என்றால் பலனில்லை. இலங்கை, மியான்மர், தாய்லாந்து பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் இந்தியர் கட்டணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

சித்தன்னவாசலில் ஓவியக் குகையான அறிவர் கோயிலும் ஏழடிப்பட்டமும் தொல்லியல் துறைக் கணக்கில் தனித்தனிச் சின்னங்கள். டிக்கெட் எடுக்கும்போதே எது எதற்கு என்று கேட்டு வாங்கி, கடைசி வரை பத்திரமாக வைத்திருங்கள்.

வாசலில் கியூஆர் கோடு இருக்கும். மலையடிவாரத்தில் சிக்னல் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஐம்பதும் பத்துமாக 500 ரூபாய் சில்லறை போதும். கோயில் தட்டு, செருப்பு வைக்கும் இடம், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் அதுதான் உதவும்.

ட்ரைபாட் வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் முன்அனுமதி வேண்டும். ட்ரோன் கிடையாது. கல்யாண ஜோடியை வைத்துக் கோட்டையில் போட்டோஷூட் என்று கிளம்புகிறவர்கள் காவலரிடம் பேசிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதிக்குச் சில வாரம் முன்பே எழுத வேண்டும்.

6. காலை 7.15: திருமயம்

இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழேகாலுக்கு வண்டி ஏறினால் எட்டு மணிக்குள் திருமயம். கோட்டை ஒன்பதுக்குத்தான் திறக்கும், அதனால் என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டாம். முதலில் கோயில்.

மலையின் தென்புற அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீசுவரர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் பாறையைக் குடைந்தவை. பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தைப் பார்க்க ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நடக்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து தெரியாது. சிவன் கோயிலில் இசைக் கல்வெட்டின் எச்சம் இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால்தான் காட்டுவார். அரைக்கால் சட்டையோடு வராதீர்கள். நடை 12 மணி வாக்கில் சாத்தினால் மாலை 4-க்குத்தான். அதனால்தான் திருமயம் முதலில்.

ஒன்பதுக்குக் கோட்டை வாசல். ராமநாதபுரம் சேதுபதி 1687-இல் கட்டியது. உள்ளூரில் ஊமையன் கோட்டை என்றால்தான் தெரியும். மேலே ஏறிப் பீரங்கி இருக்கும் மேடை வரை போய் இறங்க ஒரு மணி நேரம். வெட்டிய படியும் வெறும் பாறையும் மாறி மாறி வரும், சில இடங்களில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பாதி வழியில் இரும்பு ஏணி வைத்த குடைவரை ஒன்று உண்டு. உள்ளே லிங்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏணியை விட்டுவிட்டு அடுத்த சுற்று மதில் வரை போனாலே ஊர் முழுவதும் தெரியும். சேலை கட்டியவர்களுக்கு ஏணி கஷ்டம். பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். பதினொன்றுக்கு மேல் பாறை மேலிருந்தும் கீழிருந்தும் சுடும், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் கோட்டை பைரவர் சந்நிதியில் டிரைவர் நிறுத்தத்தான் செய்வார். தடுக்காதீர்கள், பத்து நிமிஷம்தான். தேய்பிறை அஷ்டமியாக இருந்தால் மட்டும் அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரம்.

7. நண்பகல்: புதுக்கோட்டையில் கூரைக்குக் கீழே

பதினொன்றரைக்குப் புதுக்கோட்டை. ஆட்சியர் அலுவலகமாக இருக்கும் அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். தர்பார் மண்டபம், சிம்மாசனம் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம். உள்ளே ஃபைல்தான். கால் மணி நேரம் போதும்.

அடுத்து திருக்கோகர்ணம். இங்கே தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் கோயில். அதையும் பார்க்க ஆசை இருந்தால் அரண்மனைக்கு முன் இங்கே வந்துவிடுங்கள், நடை சாத்திவிடும். 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் திருக்கோகர்ணத்தில்தான். வெயில் உச்சியில் இருக்கும் ஒரு மணி நேரத்தை இங்கே கழிப்பதுதான் இந்தத் திட்டத்தின் சூட்சுமம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சமணச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், சமஸ்தானத்துப் பொருட்கள் மூன்றையும் பாருங்கள். சித்தன்னவாசலுக்குப் போகும் முன் சமணத் தீர்த்தங்கரர் எப்படி உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை) எப்படி இருக்கும் என்று இங்கே நின்று நிதானமாகப் பார்த்துவிட்டால், குகையின் அரை இருட்டில் சட்டென்று பிடிபடும். கேமராவுக்குத் தனி டிக்கெட்.

ஒன்றேகாலுக்குச் சாப்பாடு. ஊருக்குள்ளேயே மெஸ்ஸில் சாப்பிட்டுவிடுங்கள், சித்தன்னவாசல் பக்கம் நம்பிப் போக ஒன்றும் இல்லை. முட்டை மாஸ் கிடைத்தால் விடாதீர்கள். பன்னிரண்டு வகை போட்டு இலைச் சாப்பாடு என்று கானாடுகாத்தானில் முன்பதிவு செய்துவிட்டு நண்பகலில் திரும்பி ஓடுகிறவர்கள் பிற்பகலை இழந்துவிடுகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையேறவும் முடியாது.

8. பிற்பகல் 3 மணி: சித்தன்னவாசல்

எல்லோரும் காலையில் வருகிற இடத்துக்குப் பிற்பகலில் வரச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம். அறிவர் கோயில் மலையின் மேற்குச் சரிவில், மேற்கு பார்த்து இருக்கிறது. பிற்பகலில்தான் வெளிச்சம் உள்ளே வரும். காலையில் வந்தால் விதானத்து (மேற்கூரை) ஓவியம் மங்கலாகத் தெரியும், என்னமோ சொன்னார்கள், ஒன்றும் இல்லையே என்று திரும்புவீர்கள்.

உள்ளே சின்ன இடம். ஏழெட்டுப் பேருக்கு மேல் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் உள்ளே இருந்தால் வெளியே காத்திருங்கள். ஃபிளாஷ் கூடாது. படமெடுக்கலாமா என்று காவலரைக் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். மூன்று நான்கு நிமிஷம் சும்மா நின்று கண்ணைப் பழக்குங்கள். பிறகு இந்த வரிசை:

முன்மண்டப விதானத்தில் தாமரைக் குளம். மீன், பறவை, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். யானையை முதலில் பிடியுங்கள், அங்கிருந்து மற்றவை விரியும். பிறகு தூண்கள்: நடனமாடும் பெண்கள், இன்னொரு பக்கம் அரசனும் அரசியும். பக்கச் சுவரின் மாடத்தில் ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர். கருவறைக்குள் நடுவில் நின்று வாயை மூடி மெல்ல 'ம்' என்று ஒலி எழுப்பினால் அறையே ரீங்கரிக்கும். ஒருவர் செய்யும்போது மற்றவர் பேசாமல் இருக்க வேண்டும். வெளியே பாறையில், இந்தக் குகையைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டு. சுவரில் கை வைக்காதீர்கள், சாய்ந்து நிற்கவும் கூடாது. பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து போனதற்கு மனிதக் கையும் ஒரு காரணம்.

மூன்றே முக்காலுக்கு ஏழடிப்பட்டம். ஏறும் வழி வேறு. படியேறி மலையின் கிழக்குப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். அங்கே இயற்கைக் குகையில் பதினேழு கற்படுக்கைகள், தலையணை போல் ஒரு முனை உயர்த்திச் செதுக்கியவை. ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. ஏறும்போது முதுகில் வெயில் அடிக்கும், உண்மை. ஆனால் கிழக்குப் பக்கம் அந்த நேரத்தில் நிழலாகிவிடும், படுக்கைகளை நிதானமாகப் பார்க்கலாம். பாதையின் கடைசிப் பகுதி குறுகல். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பள்ளம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் கம்பி தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுங்கள், வீரம் வேண்டாம். ரப்பர் அடி உள்ள ஷூ நல்லது. தோல் செருப்பு வழுக்கும். மாலை 5-ஐ ஒட்டி மூடுவார்கள் என்பதால் நான்கு மணிக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள்.

9. நார்த்தாமலை, கொடும்பாளூர் வேண்டும் என்பவர்களுக்கு

நார்த்தாமலைக்கு டிக்கெட் இல்லை, கடை இல்லை, நிழல் இல்லை. வெறும் பாறையில் கால் மணி நேரத்துக்கு மேல் நடந்தால் விஜயாலய சோழீசுவரம் என்ற சிவன் கோயில், எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக. பலருக்கு நாளின் சிறந்த இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இதைச் சேர்த்தால் அருங்காட்சியகத்தை விட வேண்டும். திருமயம் முடித்து நேரே சித்தன்னவாசல், மூன்றரைக்கு அங்கிருந்து கிளம்பி நார்த்தாமலை, வெளிச்சம் இருக்கும்போதே இறக்கம். பொழுது சாய்ந்தபின் அந்தப் பாறையில் வழி தெரியாது. கருவறை பூட்டியிருந்தால் காவலரைத் தேட வேண்டியிருக்கும், வழிகாட்டியை முன்கூட்டியே போன் போட வையுங்கள்.

கொடும்பாளூர் மூவர் கோயிலை இந்த நாளில் திணிக்காதீர்கள். அது விராலிமலைப் பக்கம், திருச்சி–மதுரை சாலையில். திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் ஊர் திரும்பும் நாளில் காரைக்குடியிலிருந்து அந்த வழியாகச் சுற்றிப் போங்கள். முக்கால் மணி நேரம் நிறுத்தினால் போதும்.

10. திரும்பும்போது

ஐந்துக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் காரைக்குடி. மறுநாள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கப் போகும் வெளிநாட்டு உறவினர்களுக்கு: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்காது. பழசுபோல இருக்கும் புதுச் சாமான் என்றாலும் விமான நிலையத்தில் கேட்பார்கள். தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறைச் சான்று வாங்க நாளாகும். கடைக்காரர் தரும் பில் அந்தச் சான்று ஆகாது. புறப்பட இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் எனாமல் வாளியோ டிபன் கேரியரோ வாங்கிக்கொள்ளுங்கள், கதவு நிலையைத் தொடாதீர்கள்.